சென்னப்பன் வீட்டுக் கடல்

திங்கட்கிழமை, காலை 7.15.

பதினொரு பிணங்களும் ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் வரிசையாகக் கிடந்தன. பெரியது உள்ளங்கை அகல மஞ்சள் மீன். சின்னது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கலைமதி பத்து வருட உத்தியோகத்தில் எத்தனையோ பிணம் பார்த்திருக்கிறாள். கிணற்றிலிருந்து தூக்கியது, தண்டவாளத்தில் பொறுக்கியது, சித்தேரி மலைச் சரிவில் மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. தாம்பாளத்தில் வைத்து நீட்டப்பட்டது இதுதான் முதல்.

"நல்லாப் பாரும்மா," என்றார் சென்னப்பன். "கொலை. பச்சைக் கொலை."

சென்னப்பனைப் பற்றிப் பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருபது வருடம் லாரி ஓட்டினார். பிறகு நாலு லாரி வாங்கினார். பிறகு கல்யாண மண்டபம் கட்டினார். அதன் பிறகு யாருக்கும் பதில் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். கோடையில் தெருவே குடத்தோடு ஒகேனக்கல் தண்ணீருக்குக் காத்து நிற்கிற ஊரில், கூடத்தில் எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்து, வாளி வாளியாகக் கடலுப்பை வரவழைத்துக் கரைத்து, கடல் மீன் வளர்த்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இந்த மனிதருக்குக் குடை போதவில்லை.

"யார் மேலங்க சந்தேகம்?" என்று கேட்டாள் கலைமதி.

"சந்தேகமே இல்ல. பிளம்பர் மரிய ஆனந்த். இந்தத் தொட்டிக்குக் குழாய் போட்டவனே அவன்தான். போட்ட லட்சணம், மூணு மாசமா ஒரு ஜாயிண்ட்ல சொட்டு சொட்டா ஒழுவுது. நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வரச்சொன்னேன். சாக்குச் சொன்னான். போடான்னு தொரத்துனேன். போறப்ப, மீனெல்லாம் செத்துத் தொலையட்டும்னு சாபம் வுட்டுட்டுப் போனான். காலையில அஞ்சரைக்கு வந்து பாத்தா மொத்தமும் மெதக்குது. எதையோ கலந்துட்டான்."

"அவன் போனப்புறம் மீனுங்க எப்படி இருந்துச்சு?"

"ஏழு மணிக்கு ஓசூர் சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து பாத்தாங்க. துள்ளிக்கிட்டு இருந்துச்சு. மெல்லக் கொல்லுற வெசமா இருக்கும்." சென்னப்பன் மூச்சு வாங்கினார். "மீனுங்க எல்லாம் சம்பந்தி குடுத்ததும்மா. எம்பொண்ணு நிச்சயத்துக்குச் சீராக் குடுத்தது. அடுத்த மாசம் கல்யாணம். அவரு மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

"வேற ஆளை வெச்சு ஒழுகலைச் சரி பண்ணியிருக்கலாமே?"

"இருபது வருசம் லாரி ஓட்டினவன் நான். தொப்பூர் கணவாயில டீசல் டேங்க் ஓட்டையாகி நின்னப்பகூட ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டவன் இல்ல. நானே அடைச்சு சேலம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். எனக்கு நேத்துப் பொறந்த பய குழாயைப் பத்திப் பாடம் எடுக்குறான்! எஃப்.ஐ.ஆர். போடு. மேல சொல்லியாச்சு, போன் வரும்."

போன் ஏற்கெனவே வந்திருந்தது. ஆறே முக்காலுக்கு ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டு, 'நம்ம சென்னப்பன் விசயம்' என்று ஆரம்பித்து, 'பார்த்துப் பண்ணும்மா' என்று முடித்தார்.

மரிய ஆனந்தின் பெயரும் கலைமதிக்குப் புதிதல்ல. மஸ்கட்டில் குழாய் வேலைக்குப் போகவிருப்பவன் அவன். அவனுடைய காவல் சரிபார்ப்பு அறிக்கை இரண்டு நாளாக அவள் மேஜையில்தான் இருக்கிறது. இன்று மாலைக்குள் அது போகாவிட்டால் கம்பெனி அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும். இன்று ஒரு வழக்குப் பதிவானாலும் அதே கதிதான். தாம்பாளத்து மஞ்சள் மீனைப் பார்த்தாள். செத்த மீனுக்கு இருக்கிற மரியாதை இந்த ஊரில் உயிரோடிருக்கிற பிளம்பருக்கு இல்லை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

காலை 8.05.

தொட்டிக்குக் கீழே மரக் கபோர்டு. உள்ளே இன்னொரு சின்னத் தொட்டி, ஒரு மோட்டார், குழாய்கள். கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கலைமதி டார்ச் அடித்து வாசித்தாள். 'இவை தொட்டி அருகில் கூடாது: பித்தளை, செம்பு, கொசு மருந்து, சென்ட், சோப்பு, பினாயில், ஊதுபத்தி. மீறினால் மீன் சாகும். – ராஜா, சேலம்.' தாள் மொடமொடவென்று புதிதாக இருந்தது. பூஜை மாடம் நாலடி தள்ளி இருந்தது. அதில் நேற்றைய ஊதுபத்திச் சாம்பல் இருந்தது.

"ராஜா யாருங்க?"

"வாராவாரம் ஞாயித்துக்கெழமை வந்து தொட்டியைப் பாத்துட்டுப் போற பையன். நேத்தும் வந்தான், எட்டு மணிக்குப் போனான். இந்தப் பேப்பரையெல்லாம் யாரு படிக்கறா?"

"நீங்க காலையிலிருந்து இங்க எதையாவது தொட்டீங்களா?"

"மீனை எடுத்ததோட சரி. வேறெதையும் தொடல."

குழாய்களில் இரண்டு இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மேல் இணைப்பில் பூப்பூத்த மாதிரி சொரசொரப்பாக. சின்னத் தொட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கீழ் இணைப்பில் தடித்து, லேசாக நீலம் பாய்ந்த வெள்ளையில். "அதாம்மா ஒழுவுற எடம்," என்றார் சென்னப்பன் கீழ் இணைப்பைக் காட்டி. "உப்பு எப்பிடிப் பூத்திருக்குது பாரு. அவன் வேலையோட லட்சணம்."

கலைமதி இரண்டையும் நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, தனித்தனியாகப் போட்டுக் கலக்கினாள். மேல் இணைப்பில் எடுத்தது கலக்குவதற்குள் கரைந்து காணாமல் போனது. கீழ் இணைப்பில் எடுத்தது கரையவில்லை. தண்ணீரைக் கலக்கலாக்கிவிட்டு மண்டியாக அடியில் தங்கியது. அவள் விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, கைக்குட்டையில் துடைத்தாள்.

"என்னம்மா, சமையல் பண்றியா?" என்றார் சென்னப்பன்.

"ஏட்டய்யா," என்று கலைமதி தலைமைக் காவலர் சென்றாயனைக் கூப்பிட்டாள். "இந்த ரெண்டு டம்ளரையும் மூடி, எடுத்து வைங்க."

காலை 8.40.

பின்கட்டில் வேலைக்காரி பாஞ்சாலி துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள். போலீஸைக் கண்டதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறேகாலுக்குங்கம்மா. நேத்து ஆறு மணிக்கே வூட்டுக்குப் போயிட்டேங்க."

"வரும்போது கூடம் எப்படி இருந்துச்சு?"

"அதாங்க எனக்கும் ஆச்சரியம். தரை தொடைச்சு ஈரமாக் கெடந்துச்சு. நாந்தான் தெனமும் தொடைக்கறது. நேத்து காலையில சேலத்துக்குப் பொடவை எடுக்கப் போன அம்மாவும் பாப்பாவும் இன்னும் வரல. அய்யா குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டாரு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா, போயி வேலையப் பாருங்கறாரு. நான் எதுக்குங்க பேசறேன்? எம்பொழப்பே இங்க நாறிக் கெடக்குது. சனிக்கெழம சந்தையில வாங்கின துணி சோப்பு, புதுக்கட்டி, காகிதம் பிரிச்சு ஒரு நாள்கூட ஆவல. காலையில கல்லு மேல காணோம். காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும். போர் தண்ணியில வேற சோப்பு நொரைக்காதுன்னு நீலக்கட்டியாப் பாத்து வாங்கறேன். அதுவும் காக்காய்க்கு."

காக்காய் மேல் பழி போடாத வீடு இந்த ஜில்லாவில் கிடையாது. கலைமதி துவைகல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

காலை 10.30.

ராஜா சேலத்திலிருந்து பைக்கில் வந்தான். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. அன்று காலை அந்த வீட்டில் மீனுக்காகக் கலங்கிய ஒரே கண் அது. சென்னப்பன் கலங்கியதெல்லாம் சம்பந்திக்காகத்தான்.

"ஒழுகல்னால மீன் செத்திருக்குமா தம்பி?"

"சாகலாம் மேடம். ஆவியானா தண்ணி மட்டும்தான் போவும், உப்பு தொட்டியிலயே நிக்கும். ஒழுவினா உப்பும் சேந்து போயிரும். கொறைஞ்ச அளவுக்கு மெதவை வால்வு தானா நல்ல தண்ணிய வுடும். அப்ப உப்பு கொஞ்சங் கொஞ்சமா கொறையும். ரொம்பக் கொறைஞ்சா மீன் தாங்காது."

"இப்ப உப்பு எவ்வளவு இருக்கு? அளந்து சொல்லு."

அவன் சின்னக் குழல் போன்ற கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான். பிறகு செல்போனில் இருந்த கணக்கைக் காட்டினான். "நேத்து இருந்த அதே அளவு மேடம். மூணு மாசமா அதே அளவுதான். இந்த ஒழுகல் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் இருந்தாப் பெருசு."

"வேற எதாவது மாறியிருக்கா?"

ராஜா குனிந்து பார்த்தான். கபோர்டுக்குள் நின்றிருந்த உயரமான குழலைக் காட்டினான். "இது ஸ்கிம்மருங்க. தண்ணியில இருக்கிற அழுக்கை நொரையா மேல தள்ளும். மேல இருக்கிற கப்புல அது தேங்கும். நேத்து நான் போறப்ப கப்புல பாதிக்குக் கரேல்னு அழுக்கு இருந்துச்சு. இப்பப் பளபளன்னு கழுவியிருக்குது, சுவிட்சும் அணைஞ்சிருக்குது."

"நேத்து சம்பந்தி வீட்டார் வந்தப்ப நீ இருந்தியா?"

"இருந்தேங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில கெளம்பறப்ப அந்தச் சம்பந்திப் பெரியவரு கபோர்டுக்குக் கீழ ஈரத்தைக் கால் கட்டவெரலால காட்டி, 'கடல் ஒழுவுதே சென்னப்பா, வூடு முழுவிரப் போவுது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க." ராஜா குரலைத் தணித்தான். "இவரும் சிரிச்சாருங்க. ஆனா மொகம் செத்துப் போச்சு."

பகல் 12.20.

ஸ்டேஷன் பெஞ்சில் மரிய ஆனந்த் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. பக்கத்தில் அவன் அம்மா ஜோஸ்பின் ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனெல்லாம் செத்துத் தொலையட்டும்னு சொன்னியாமே?"

"சொட்டறது சொட்டட்டும்னு சொன்னேனுங்க மேடம். மீனை ஏன் நான் சொல்றேன்?"

"நேத்து என்ன நடந்துச்சு?"

"ரெண்டு குழாயைச் சேக்கற அந்த யூனியன் ஜாயிண்டுக்குள்ள ஒரு ரப்பர் ரிங் இருக்குதுங்க. அது நசுங்கிப் போச்சு. மோட்டாரை அரை மணி நேரம் நிறுத்தி, ரெண்டு பக்கமும் வால்வை மூடி, ரிங்கை மாத்தினாப் போதும். மூணு தடவை சொல்லிட்டேன். நேத்து ரிங்கை வாங்கிட்டே போனேன். விருந்தாளி வர்ற நேரத்துல மோட்டார் நிக்கக் கூடாதுங்கறாரு. ஓடும்போதே மாத்துடாங்கறாரு. முடியாதுன்னேன். வேலை தெரியாத நாயின்னு வெளிய தள்ளினாரு."

"ஜாயிண்ட் மேல எதாவது பூசினியா?"

"தொடவே வுடலீங்க. லைட் அடிச்சுப் பாத்ததோட சரி. சுத்தி வெள்ளையா உப்புப் பூத்திருந்துச்சு, மேல ஜாயிண்ட்ல இருக்கற மாதிரியேதான்."

கலைமதி நாற்காலியில் சாய்ந்தாள்.

ஜோஸ்பின் எழுந்து வந்தாள். "அம்மா, இவன் காலையிலருந்து சோறு திங்கல. இவம் போட்டோவைப் போட்டு, மீனுக்கு வெசம் வெச்சவன்னு அந்தாளு வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் வெச்சிருக்காரு. பொம்மிடி ஏஜெண்ட் போன் பண்ணி, கேஸாமே, டிக்கெட்டை நிறுத்தட்டுமாங்கறாரு. நாங்க என்ன பதில் சொல்றது?"

"மூணு மணிக்குச் சொல்லுங்க," என்றாள் கலைமதி. "தம்பி, உன் ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறு. முதல்ல சாப்பிடு."

பிற்பகல் 3.00.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மரிய ஆனந்தைப் பார்த்ததும் சென்னப்பன் சோபாவிலிருந்து எழுந்தார்.

"இவனை எதுக்கு வூட்டுக்குள்ள கூட்டியாந்தே? மறுபடி தொட்டியில கை வைக்கவா?"

"வெச்சா என்னங்க? இன்னும் யாரு சாகப் போறாங்க?" என்றாள் கலைமதி. "தம்பி, மோட்டாரை நிறுத்து. ரெண்டு வால்வையும் மூடு. அந்த ஜாயிண்டைக் கழட்டு. ஏட்டய்யா, வீடியோ எடுங்க."

மரிய ஆனந்த் மண்டியிட்டான். யூனியனின் பெரிய மரையைத் திருகினான். மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழாய் விலகியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. கூடவே நுரை வந்தது. அவன் குழாயின் வாயை விரலால் துழாவி, உள்ளேயிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். எலுமிச்சங்காய் அளவு நீல உருண்டை. பாதி கரைந்து வழவழத்திருந்தது. ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது.

பாஞ்சாலி வாயில் கை வைத்தாள். "அட! எஞ்சோப்பு!"

"உங்க காக்கா யாருன்னு இப்பச் சொல்றேன்," என்றாள் கலைமதி.

அவள் யாரையும் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"ஒழுகல் மீனைக் கொல்லல. உப்பு துளிகூடக் குறையல. அந்த ஜாயிண்ட்ல இருந்தது உப்பும் இல்ல. உப்பா இருந்தா டம்ளர்ல கரைஞ்சிருக்கும், மேல் ஜாயிண்ட்ல எடுத்தது கரைஞ்ச மாதிரி. வெள்ளையைப் பார்க்கற யாரும், கடல் தண்ணித் தொட்டிதானேன்னு உப்புன்னுதான் நினைப்பாங்க. விரல்ல வழுக்கினது சோப்பு. அடியில மண்டியா நின்னது துணி சோப்புல கலக்கற சுண்ணாம்பு மாவு.

"யார் வெச்சிருப்பாங்க? பிளம்பரா? நாலு மணிக்கு வெச்சிருந்தா, சம்பந்தி முன்னாலேயே அந்த ஸ்கிம்மர் நுரையாக் கக்கியிருக்கும். இவன் வேலைக்குப் பையில ரிங் இருக்கு, சோப்பு எதுக்கு? ராஜாவா? சோப்பு ஆகாதுன்னு எழுதி ஒட்டினவனே அவன். பாஞ்சாலி ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு. எட்டு மணிக்கப்புறம் இந்த வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஆள்.

"ஓட்டையை சோப்பு வெச்சு அடைக்கறது யாரோட பழக்கம்? பிளம்பர் பழக்கமும் இல்ல, மீன்காரன் பழக்கமும் இல்ல. லாரிக்காரன் பழக்கம். டீசல் டேங்க்ல ஓட்டை விழுந்தா, வழியில கிடைச்ச சோப்பைப் பிசைஞ்சு அடைச்சுட்டு ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க. தொப்பூர் கணவாயில நீங்க அடைச்சது எதாலங்க?"

சென்னப்பன் உதட்டை நக்கிக்கொண்டார்.

"டீசல்ல சோப்பு கரையாதுங்க. தண்ணியில கரையும். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். சம்பந்தி கால் விரலால காட்டிச் சிரிச்சது உங்களுக்குப் பொறுக்கல. பிளம்பரைத் திரும்பக் கூப்பிடவும் மனசு வரல. ராத்திரியே ஜாயிண்டைக் கழட்டி, உள்ளே திணிச்சு, மேலயும் பூசி, மோட்டாரைப் போட்டுட்டுப் படுத்துட்டீங்க. மோட்டார் உறிஞ்சற குழாய் அது. விடிய விடிய சோப்பை இழுத்து மீனுக்கு ஊட்டியிருக்கு. அஞ்சரைக்குக் கூடம் பூரா நுரை. பார்த்ததும் புரிஞ்சிருக்கும். குடிச்ச டம்ளரை எடுத்து வைக்காத மனுசன் உட்கார்ந்து தரையைத் துடைச்சீங்க, கப்பைக் கழுவி, ஸ்கிம்மரை நிறுத்தினீங்க. எதையும் தொடலைன்னு என்கிட்ட சொன்னீங்க."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்றார் சென்னப்பன்.

"சோப்பு வெச்சது தெரியாம. தரையைத் துடைச்சது தெரிஞ்சு. இவன் பேரைப் புகார்ல எழுதினது நல்லாவே தெரிஞ்சு." கலைமதிக்கு இப்போது கோபம்கூட வரவில்லை. காலில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஒரு மண்டபம், நாலு லாரி, எட்டடிக் கடல். இவ்வளவு வெச்சிருக்கிற மனுசன், நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல முடியாம, ஒருத்தன் பொழப்பையே பலி கொடுக்கத் துணிஞ்சீங்க."

சென்னப்பன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஸ்டேட்டஸை எடுத்துர்றேன். சம்பந்திக்கு மட்டும் தெரிய வேணாம்மா. கரண்ட் போயி மீன் செத்துருச்சுன்னு சொல்லிக்கறேன்."

"பொய்ப் புகாருக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் மேல எழுதலாம். உள்ளே போறதும் உண்டு. பாதிக்கப்பட்டவன் இவன். இவன்கிட்டயும் கேட்கணும்." அவள் திரும்பினாள். "தம்பி, உனக்கு என்ன வேணும்?"

மரிய ஆனந்த் பையிலிருந்து புது ரப்பர் வளையத்தை எடுத்து யூனியனில் பொருத்திக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. மரையை இறுக்கி, வால்வைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, உலர்ந்த துணியால் இணைப்பைத் துடைத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தான். ஈரமில்லை. பிறகுதான் எழுந்தான்.

"எனக்குக் கேஸெல்லாம் வேணாங்க மேடம். சம்பந்தி வூட்டுல, ஊருல, எல்லார்கிட்டயும் என் வேலை சரியில்லைன்னு சொல்லியிருக்காரு. சம்பந்திக்குப் போன் போட்டு, எனக்குக் கேக்கற மாதிரி, ரிங்கை மாத்தணும்னு நான் சொன்னதைச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

சென்னப்பன் கலைமதியைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 3.40. அவர் செல்போனை எடுத்தார். சென்றாயன் கை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சொல்லுங்க சென்னப்பா," என்றது ஓசூர்க் குரல். "அந்த வெசம் வெச்ச பயலைப் புடிச்சாச்சா?"

"வெசம் இல்லீங்க சம்பந்தி. நாந்தான்... ஒழுவற எடத்துல சோப்பு வெச்சேன். அதுல மீன் போயிருச்சுங்க."

"என்னது? சோப்பா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ 'சோப்பு வெச்சாராம்' என்று சொல்வது கேட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சென்னப்பனின் காது மடல் சிவந்தது.

"ஏங்க, அந்தப் பிளம்பரைக் கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கலாமே? அவன் ஒண்ணும் சொல்லலியா?"

சென்னப்பன் தரையைப் பார்த்தார். பாஞ்சாலி அவரைப் பார்த்தாள், ராஜா பார்த்தான், மரிய ஆனந்த் துணியை மடித்துக்கொண்டே பார்த்தான்.

"சொன்னானுங்க."

"எப்ப?"

"மூணு தடவை சொன்னானுங்க."

மரிய ஆனந்த் ஸ்பேனரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். கலைமதி ஜீப்பில் ஏறியதும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, மேஜை மேல் இருக்கிற மஸ்கட் அறிக்கையைத் தயாராக எடுத்து வைக்கச் சொன்னாள்.